அம்மாவின் உடம்பில் செல் (எறிகணை) துண்டுகள் இருக்கின்றன, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

குளக்கட்டு (விசுவமடு) கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. இடுப்பு நோவும் இடது கால் விறைப்பும் ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. கிளிநொச்சியில் கிளினிக் காட்டினோம். டொக்டர் முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்தை வைத்து எடுக்கிற ஸ்கான்) எடுத்து வரச் சொல்லி யாழ்ப்பாணத்துக்குத் துண்டு எழுதித் தந்தார். திகதியும் கிடைத்துவிட்டது.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் விழுந்து அம்மா காயப்பட்டவர். செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளேயே விட்டுவிட்டார்கள் என்று அம்மா சொல்வார். எத்தனை துண்டு மிச்சம், எங்கெங்கே என்று எழுதின ஒரு கடதாசியும் எங்களிடம் இல்லை. முகாமிலிருந்து வெளியே வருவதற்கிடையில் எல்லாம் தொலைந்து போனது. தொடையில் ஒன்றைக் கையால் தடவினால் தெரியும். முதுகிலும் ஏதோ இருக்கிறது என்பார், மாரி காலத்தில் அந்த இடம் குத்துமாம்.

இதை அம்மா டொக்டரிடம் சொல்லவில்லை. ஸ்கான் எடுக்கிற இடத்திலும் சொல்லமாட்டேன் என்று நிற்கிறார். சொன்னால் திகதியை வெட்டிவிடுவார்களாம், பிறகு எப்படிக் காயப்பட்டாய், எங்கே நின்றாய் என்று விசாரிப்பார்களாம். பக்கத்து வீட்டு மாமா வேறு, காந்தம் துண்டுகளைச் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே இழுத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

எடுக்கலாமா, கூடாதா? சொல்லாமல் எடுத்தால் என்ன நடக்கும்? தாலிக்கொடியைக் கழற்றத்தான் வேண்டுமா? அப்பாவுக்கு ஒரு கால் ஜெய்ப்பூர் கால், செயற்கைக் கால். அவர்தான் அம்மாவுடன் உள்ளே போகப் போகிறேன் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


முறிகண்டியான் எழுதியது:

தம்பி, பயப்பட ஒன்றும் இல்லை. என் சித்தப்பாவுக்கும் காலில் பீஸ் இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிட்டு வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. சந்தேகம் என்றால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள். இழுக்காவிட்டால் அது இரும்பு இல்லை, தைரியமாகப் போகலாம்.


மல்லாவிக்காரி எழுதியது:

நான் ரேடியோகிராபர். எம்.ஆர்.ஐ. அறையில் வேலை செய்கிறேன். முறிகண்டி அண்ணை நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் சொன்ன இரண்டையும் செய்யவேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

முதலில் ஸ்பீக்கர் காந்தம். அதற்குக் கிட்டத்தான் பலம். சில சென்ரிமீற்றர் தள்ளினாலே இழுவை விழுந்துவிடும். தோலுக்குக் கீழே உள்ள துண்டை அது அசைக்கலாம். முதுகுச் சதைக்குள் ஆழமாகக் கிடக்கிற துண்டுக்கு அது இருப்பதே தெரியாது. வீட்டில் இழுக்கவில்லை என்று நம்பி எங்களிடம் வந்து படுத்தால், அங்கே இருப்பது 1.5 தெஸ்லா காந்தம் (தெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கிற அலகு). சில இடங்களில் 3 தெஸ்லா.

அடுத்தது சித்தப்பாவின் கதை. அவருக்கு ஒன்றும் நடக்காதது உண்மையாகத்தான் இருக்கும். செல்லின் வெளிக்கூடு உருக்கு, காந்தம் அதை இழுக்கும். கிளைமோர் கண்ணிவெடிக்குள் இருக்கிற குண்டுகளும் உருக்குத்தான். துப்பாக்கிச் சன்னத்தில் ஈயமும் செம்பும் மட்டும் என்றால் காந்தம் கவனிக்காது, ஆனால் ஏ.கே. ரகச் சன்னங்கள் பலவற்றின் நடுவே உருக்குத் தண்டு இருக்கிறது. ஆகவே வன்னியில் ஒருவர் உடம்பில் துண்டு இருக்கிறது என்றால் அது இரும்பு என்று எடுத்துக்கொண்டுதான் நான் வேலையைத் தொடங்குவேன். ஆனாலும் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் துண்டு உள்ளே போய்க் கொஞ்சக் காலத்தில் உடம்பு அதைச் சுற்றித் தழும்புச் சதையை வளர்த்து இறுக்கிப் பிடித்துவிடும். தொடைச் சதையில் பதினைந்து வருடத்துக்கு மேல் கிடக்கிற துண்டை அந்தக் காந்தம் பிய்த்து எடுக்காது. கொஞ்சம் இழுவை தெரியலாம், சூடு தெரியலாம். மாமா சொன்னது போலச் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வராது. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஆனால் இடம்தான் முக்கியம். அதே அளவுத் துண்டு கண்ணுக்குள், மூளையில், முள்ளந்தண்டு நரம்புக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாயை ஒட்டி இருந்தால் கதை வேறு. அங்கே ஒரு மில்லிமீற்றர் அசைவும் ஒருவரின் நடையையோ பார்வையையோ பறித்துவிடும். காந்தம் துண்டை இழுப்பது மட்டும் இல்லை, நீளமான துண்டைத் தன் திசைக்குத் திருப்பவும் பார்க்கும். உருண்டைக் குண்டைவிட ஈர்க்குப் போல நீண்ட செல் சீவல்களுக்கு இந்தத் திருப்பம் கூட. உங்கள் அம்மாவுக்கு முதுகில் ஏதோ இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கான் செய்யப் போவதும் முதுகைத்தான். அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

அம்மா பயப்படுகிற விசாரணையைப் பற்றி. நானும் மாத்தளனுக்குள்ளால் வந்தவள், அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஸ்கானுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்ததா, மூளை இரத்தக் குழாய்க்குக் கிளிப் போட்டதா, காதுக்குள் கருவி உண்டா, எலும்புக்குத் தகடு உண்டா, உடம்பில் உலோகத் துண்டு உண்டா, கண்ணில் எப்போதாவது உலோகத் தூள் பட்டதா என்று கேட்பார்கள். எந்த வருடம், எந்த இடத்தில், எந்தப் பக்கம் நின்று காயப்பட்டீர்கள் என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. "உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது, தொடையில் ஒன்று, முதுகிலும் இருக்கலாம்" என்றால் எங்களுக்குப் போதும். வாய்விட்டுச் சொல்ல விருப்பமில்லை என்றால் நீங்கள் எழுதிக் கொடுங்கள். படிவம் விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சொல்லாமல் வந்த ஒருவரைப் படுக்க வைத்து, முதல் படத்திலேயே இடுப்புப் பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பொத்தல் விழுந்து நிறுத்தியிருக்கிறோம். இரும்பு இருந்த இடத்தைச் சுற்றிப் படமே வராது. அவர் விடிய முதல் பஸ் பிடித்து வந்தவர். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருக்கலாம்.

ஆகவே தம்பி, திகதிக்கு முன்னரே கிளினிக் டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். இடுப்பு, முதுகு, தொடை மூன்றுக்கும் சாதாரண எக்ஸ்ரே, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அது கிளிநொச்சியிலேயே முடியும். அந்தப் படங்களையும் டொக்டர் எழுதித் தந்த துண்டையும் கொண்டுபோய் ஸ்கான் அறையில் காட்டுங்கள். எடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது ரேடியோலொஜிஸ்ட் டொக்டர். நானும் இல்லை, இங்கே எழுதுகிற வேறு யாரும் இல்லை.

தாலிக்கொடி: பொன்னைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் கழற்றத்தான் வேண்டும். மின் கடத்துகிற எந்த வளையமும் ஸ்கானின் வானொலி அலையில் சூடேறலாம், படத்தையும் கெடுக்கும். அதோடு நம் அம்மாக்கள் கொடியில் ஒரு சேஃப்டி பின் கொழுவி வைத்திருப்பார்கள், அது இரும்பு. கொண்டை ஊசி, அரைஞாணில் கட்டின தாயத்து, அச்சரக்கூடு, பிளவுஸ் கொக்கி, ப்ராக் கம்பி எல்லாம் வெளியே. தாலியைக் கழற்ற மனம் வராத அம்மாக்களுக்கு நான் சொல்வது, கழற்றி ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள், முடிந்த உடனேயே அவர் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று.

அப்பா: ஜெய்ப்பூர் காலுடன் உள்ளே வரக்கூடாது. அதில் அலுமினியம் அதிகமாக இருந்தாலும் திருகாணி, பூட்டு, பட்டிக் கொக்கி எதில் என்ன உலோகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கழற்றிவிட்டு அறைக்குள் இருப்பதென்றால் உலோகமில்லாத கதிரை வேண்டும், அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள். அவருக்கும் காயம் பட்டிருந்தால் அவருக்கும் அதே படிவம், அதே கேள்விகள். அதைவிட நீங்கள் கூடப் போவது சுகம்.

கூடப் போகிறவரைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த அறைகளில் செத்தவர்களில் உதவிக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் மும்பையில் ஓர் இளைஞர் தன் உறவினருக்காக ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் இறந்தார். இயந்திரம் நிறுத்தியிருக்கிறது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக அவருடைய ஆட்கள் சொன்னார்கள். 2025 ஜூலையில் நியூயோர்க்கில் ஸ்கான் முடிந்த மனைவியைத் தூக்கிவிடப் போன கணவர், கழுத்தில் உடற்பயிற்சிக்காகப் போட்டிருந்த ஏறக்குறைய 9 கிலோச் சங்கிலியோடு இழுபட்டு இறந்தார். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாலும் எங்களைக் கேட்காமல் கதவைத் தாண்டவேண்டாம். திறப்பு, போன், பெல்ட், சில்லறைக்காசு எதுவும் உங்களிடம் இருக்கக்கூடாது.


பாலையடி (ஒட்டுசுட்டான்) எழுதியது:

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். மல்லாவிக்காரி எழுதியதற்குக் கீழே இருக்கிற காரணங்களைக் கொஞ்சம் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் பயம் சரியான இடத்தில் நிற்கும்.

வன்னியில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 0.00004 தெஸ்லா. காந்த மத்தியகோடு நமக்கு மிகக் கிட்டத்தால் போவதால் இங்கே அந்தப் புலம் கிட்டத்தட்டக் கிடையாகவே இருக்கிறது. 1.5 தெஸ்லா என்றால் அதைவிட 37,000 மடங்கு அளவில் பெரியது.

ஆனால் இரும்பை இழுப்பது புலத்தின் பருமன் மட்டும் இல்லை. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதும் சேர்ந்துதான் இழுவையைத் தீர்மானிக்கிறது. ஆள் படுக்கிற குழாயின் நடுவில் புலம் சீரானது, அங்கே இழுவை அநேகமாக இல்லை, திருப்பம் மட்டும்தான். இழுவை அதிகம் இருப்பது குழாயின் வாயில். இப்போதைய காந்தங்களில் புலம் வெளியே பரவாமல் தடுக்கும் எதிர்ச்சுருள்களும் இருப்பதால், கதவடியில் ஒன்றும் தெரியாது, இன்னும் சில அடி வைத்தால் கையில் உள்ள இரும்பு பறந்துவிடும். மெல்ல மெல்லக் கூடும், அதற்குள் சுதாரிக்கலாம் என்று யாரும் நினைக்கக்கூடாது.

இன்னொன்று, இந்தக் காந்தம் எப்போதும் விழித்தே இருக்கும். நயோபியம், தைத்தேனியம் கலந்த கம்பிச் சுருளைத் திரவ ஈலியத்தில் −269 பாகை செல்சியசில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்குத் தடையே இல்லை. ஒரு தடவை ஓட்டத்தை ஏற்றிவிட்டால் அது தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் நின்றாலும், லைட் அணைந்தாலும், சத்தம் ஓய்ந்தாலும் காந்தம் அதே பலத்தோடு நிற்கும். அவசரத்துக்கு அதை அணைக்கிற பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் ஈலியம் கொதித்துப் பல நூறு மடங்கு பெருத்து ஆவியாகிக் கூரைக் குழாயால் வெளியேறும். அந்தக் குழாய் பிழைத்தால் அறைக்குள் ஒட்சிசன் குறைந்துவிடும். அதனால் அதைச் சும்மா அழுத்துவதில்லை.

படம் எப்படி வருகிறது? நம் உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் நிறைய, அவற்றில் ஐதரசன் நிறைய. ஐதரசனின் கரு ஒரு தனிப் புரோத்தன், அது ஒரு மிகச் சிறிய காந்தம். 1.5 தெஸ்லாவுக்குள் போனதும் பத்து லட்சம் புரோத்தன்களில் ஏறக்குறைய 5 மட்டும்தான் மேலதிகமாகப் புலத்தின் பக்கம் சாயும். இவ்வளவுதான் மூலதனம், ஆனால் உடம்பில் புரோத்தன்கள் கணக்கில்லாதவை. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால் சின்னத் தள்ளலிலேயே உயர எழும்பும் இல்லையா, அப்படி அந்தப் புரோத்தன்களுக்கு ஒத்த அதிர்வெண்ணில் வானொலி அலையைக் கொடுக்கிறார்கள். 1 தெஸ்லாவுக்கு 42.58 மெகாஹேர்ட்ஸ், ஆகவே 1.5 தெஸ்லாவுக்கு 63.9 மெகாஹேர்ட்ஸ் மட்டில். எஃப்.எம். தொடங்கும் 88க்குக் கொஞ்சம் கீழே. அலையை நிறுத்தியதும் புரோத்தன்கள் திரும்பும்போது ஒரு சைகையைத் தரும், அதைத்தான் சுருள் பிடிக்கிறது. இந்த அலைக்கு அணுவை அயனாக்கும் சக்தி இல்லை. எக்ஸ்ரே, சீ.ரி. ஸ்கான் (எக்ஸ்ரேயால் குறுக்குவெட்டுப் படம் எடுப்பது) போல அல்ல. அதன் ஆபத்து சூடு மட்டுமே.

எந்தச் சைகை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிய, புலத்தை இடத்துக்கிடம் கொஞ்சம் மாற்றுகிற வேறு சுருள்கள் இருக்கின்றன. 1973ல் லாட்டர்பர் என்ற விஞ்ஞானி காட்டிய வழி அது, அவருக்கும் மான்ஸ்ஃபீல்டு என்ற விஞ்ஞானிக்கும் 2003ல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய புலத்துக்குள் அந்தச் சுருள்களில் ஓட்டத்தை வேகமாகப் போட்டு நிறுத்தும்போது அவை விசையில் அதிரும். காதைப் பிளக்கிற அந்தச் சத்தம் அதுதான்.


இரும்புப் பட்டறை (பரந்தன்) எழுதியது:

சேர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன், நன்றி. மல்லாவி அக்காவிடம் ஒரு கேள்வி. எனக்குக் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து கிறைண்டரும் வெல்டிங்கும்தான். கண்ணில் தூள் பறந்து டொக்டர் எடுத்துவிட்ட நாட்களும் உண்டு, நானே கண்ணைக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்த நாட்களும் உண்டு. இப்போது தோளுக்கு எம்.ஆர்.ஐ. சொல்லியிருக்கிறார்கள். தோளுக்குத்தானே, கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டுமா?


குளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. அம்மாவைச் சம்மதிக்க வைத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் ஒன்றுமே விசாரிக்கவில்லை. "நல்ல காலம் சொன்னீர்கள்" என்று எக்ஸ்ரே எழுதித் தந்தார். தொடையில் இரண்டு துண்டுகள். இடுப்புக்கு மேலே முதுகின் இடது பக்கத்தில் ஒன்று, நீளமானது. படங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே பார்த்த டொக்டர் முதலில் அந்த இடத்துக்குச் சீ.ரி. எடுப்போம், பிறகு எம்.ஆர்.ஐ. பற்றி முடிவு செய்வோம் என்றார். திகதியை வெட்டவில்லை, பின்னுக்குத் தள்ளித் தந்தார்கள்.

அம்மாவுக்கு இப்போது வேறு கவலை. சத்தத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒடுக்கமான இடத்துக்குள் படுக்கவேண்டும், மேலே டம் டம் என்று கேட்கும் என்றால் என்னால் ஏலாது என்கிறார். வற்புறுத்த எனக்கும் மனமில்லை. சிறுநீரகத்திலும் கொஞ்சம் பழுது இருக்கிறது என்று போன வருடம் சொன்னார்கள், அதையும் சொல்லவேண்டுமா?


மல்லாவிக்காரி எழுதியது:

பரந்தன் தம்பிக்கு முதலில். கட்டாயம் சொல்லவேண்டும். எந்தப் பகுதியை எடுத்தாலும் நீங்கள் போய்ப் படுக்கிற புலம் ஒன்றுதான், தோளை எடுக்கும்போது கண்ணும் அதற்குள்தான் இருக்கிறது. கண்ணுக்குள் இருப்பது மெல்லிய களி, அங்கே சதையைப் போலத் தழும்பு கட்டி இரும்பைப் பிடித்து வைக்காது. உலோகத் தகட்டு வேலை செய்த ஒருவர் கண்ணில் துண்டு இருந்தது தெரியாமல் ஸ்கான் எடுத்து, உள்ளே இரத்தம் கசிந்து பார்வை இழந்ததாக 1986ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அது 0.35 தெஸ்லா இயந்திரம், இப்போதையதில் கால்வாசிகூட இல்லை. நீங்கள் சொன்னால் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. அப்புறம், பட்டறையில் கண்ணாடி போடுங்கள் தம்பி.

விசுவமடுத் தம்பி, சீ.ரி. எடுக்கச் சொன்னது நல்ல முடிவு. எக்ஸ்ரேயில் எல்லாம் ஒரே தளத்தில் தட்டையாகத் தெரியும். துண்டு முதுகுச் சதையில் நிற்கிறதா, முள்ளந்தண்டு ஓடைக்குக் கிட்ட நிற்கிறதா, எத்தனை மில்லிமீற்றர் என்று சீ.ரி.தான் காட்டும். தூரமாகச் சதைக்குள் இருந்தால் எடுக்கலாம் என்று சொல்லக்கூடும். கிட்ட இருந்தால் எம்.ஆர்.ஐ.யைக் கைவிட்டு அந்தச் சீ.ரி. படத்தை வைத்தே வைத்தியம் பார்ப்பார்கள். எடுக்கவில்லை என்று சொன்னால் அதை மறுப்பாக நினைக்கவேண்டாம், அம்மாவின் காலைக் காப்பாற்றுகிற முடிவு அது.

சிறுநீரகத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். வவுனியாப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதை நான் தனியாகவே கேட்பேன், அங்கே காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் உள்ளவர்கள் பலர். சாதாரண இடுப்பு நோவுக்கு ஊசி மருந்து போடாமலே எடுப்பார்கள். ஒருவேளை போடவேண்டி வந்தால் அது கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அதில் சில வகைகள் கூடாது. கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுபோனால் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள்.

சத்தம். இதைச் சின்ன விடயமாக யாரும் எடுக்கவேண்டாம். பங்கருக்குள் இருந்த ஆட்களுக்கு அந்த ஒடுக்கமும் இடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன். படுக்க வந்த பெரியவர்கள் முதல் சத்தத்திலேயே தலைக்கு மேலே கையை வைத்துக் குறுகுவதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு முன்னரே தெரிந்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வீட்டில் வைத்தே அம்மாவுக்குச் சொல்லுங்கள்: சத்தம் வரும், சில நிமிடம் அடிக்கும், நிற்கும், வேறு மாதிரித் திரும்ப அடிக்கும், அது சுருள் அதிர்கிற சத்தம், எதுவும் வந்து விழாது. போனில் அந்தச் சத்தத்தின் பதிவுகள் கிடைக்கும், மெல்லிய ஒலியில் முதலில் கேட்க வையுங்கள், வேண்டாம் என்றால் உடனே நிறுத்துங்கள். காதுக்குப் பஞ்சும் மேலே காதுமூடியும் தருவோம், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கையில் ஒரு ரப்பர்ப் பந்து தருவோம். அதை அமுக்கினால் நிறுத்திவிட்டு வருவோம், எத்தனை தரம் அமுக்கினாலும் யாரும் ஏசமாட்டார்கள். இடுப்பு ஸ்கான் என்பதால் தலை குழாயின் வாய்ப் பக்கமாக வரும்படி காலை முதலில் உள்ளே விட்டுப் படுக்க வைக்கலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் செய்வார்கள். கண்ணுக்கு மேலே ஒரு துணி போட்டால் சிலருக்கு நிம்மதி. நீங்கள் படிவம் நிரப்பிச் சோதனை முடித்தால் உள்ளே நின்று அம்மாவின் கையைப் பிடிக்கலாம், உங்கள் காதுக்கும் பஞ்சு வேண்டும்.

படுத்திருக்கும்போது அம்மா இரண்டு கையையும் கோத்து வயிற்றில் வைக்கக்கூடாது. தொடையோடு தொடை வெறும் தோலில் முட்டவும் கூடாது, நடுவில் துணி வைப்பார்கள். தோல் தோலோடு சேர்ந்து வளையமானால் அந்த இடம் சுடும். தொடையிலோ முதுகிலோ சூடு, இழுவை, குத்து என்று ஏதாவது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டாம் என்று சொல்லி விடுங்கள். நம் அம்மாக்கள் பொறுத்துப் பழகியவர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த நிமிடமே பந்தை அமுக்கவேண்டும்.

சீ.ரி. முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். ரிப்போர்ட்டில் விளங்காத சொல் இருந்தால் பெயர், கிளினிக் இலக்கம் இல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுதினால் போதும்.